மொட்டை மாடியிலிருந்து சிறுகோள் வரை: வானம் பார்க்கத் தொடங்குவோருக்கு

சென்னை நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் அங்கே எழும்பிய மெட்ராஸ் வானாய்வகத்தின் மிச்சம் அது. நட்சத்திரங்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தை அளக்கும் கருவியை அந்தத் தூண்தான் தாங்கியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். 1861 ஏப்ரல் 17 அன்று, அந்த வானாய்வகத்தில் நார்மன் போக்சன் தன் வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளியைக் கண்டார். அது ஒரு சிறுகோள், அதாவது சூரியனைச் சுற்றும் சிறிய பாறைப் பொருள். ஆசியாவிலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஏசியா' என்றே பெயர் வைத்தார். அதன் வரிசை எண் 67. அப்புறம் சாஃபோ, சில்வியா, கமிலா, வேரா என்று இன்னும் நான்கை அவர் இதே இடத்திலிருந்து கண்டுபிடித்தார். இவற்றில் சில்வியாவுக்கு இரண்டு நிலாக்கள் இருப்பது 2005-ல் உறுதியானது. ஒரே சிறுகோளுக்கு இரண்டு நிலா இருப்பதை உலகம் முதன்முதலில் அறிந்தது இந்த நுங்கம்பாக்கத்துச் சிறுகோளில்தான்.

போக்சன் செய்த வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். வானத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் குறித்துவைத்து, மறுபடி வந்து எது நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பது. பெரு நாட்டின் கடலோரப் பாலைவனத்தில் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் சூரியனுக்காக 13 கோபுரங்கள் கட்டியவர்கள் செய்ததும் இதுவே. சிறுகோள் ஆராய்ச்சியும் பழங்கால வானம் பார்த்த இடங்களைப் படிப்பதும் வேறு வேறு துறைகளாகத் தெரியலாம். இரண்டுக்கும் வேர் இந்தப் பழக்கம்தான். அதனால் இந்த வழிகாட்டியில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?" இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். கோடு போடாத ஒரு நோட்டு, ஒரு பென்சில், கிழக்கு அல்லது மேற்கு திறந்திருக்கும் மொட்டை மாடி. முதல் மூன்று மாதத்துக்கு இவை போதும்.

முதல் படி: கீழ்வானத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

மாடியில் நிற்பதற்கு ஓர் இடம் தேர்ந்தெடுத்து, கால் வைக்கும் இடத்தில் பெயிண்டால் ஒரு அடையாளம் போடுங்கள். இது முக்கியம். இரண்டடி தள்ளி நின்றாலே பக்கத்துத் தென்னைமரம் வேறு இடத்துக்குப் போய்விடும். அடுத்து, நோட்டின் இரண்டு பக்கங்களையும் விரித்து, கிழக்கே தெரிகிற தொடுவானத்தை அப்படியே கோடாக வரையுங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை. என் நோட்டில் இடமிருந்து வலமாக ஒரு செல்போன் டவர், இரண்டு தென்னை, சாய்ந்த கூரை, தண்ணீர் டேங்க், அப்புறம் ஒரு புளியமரத்தின் பாதி. தொலைவில் இருக்கிற பொருள்களாகப் பார்த்து எடுங்கள். மலை தெரிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

வாரத்துக்கு ஒரு நாள் விடியற்காலையில் அந்த அடையாளத்தில் நின்று, சூரியனின் முதல் விளிம்பு எந்த இடத்தில் தலைகாட்டுகிறது என்று கோட்டின் மேல் ஒரு சிறு கீறல் போட்டுத் தேதியை எழுதுங்கள். விளிம்பு தெரிந்ததும் கண்ணை எடுத்துவிட வேண்டும். பைனாகுலர், கேமரா, தொலைநோக்கி எதன் வழியாகவும் சூரியனைப் பார்க்கவே கூடாது. ஒரு நொடியில் பார்வை போய்விடும். குழந்தைகள் கூட இருந்தால் பைனாகுலரைக் கீழே வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கோணத்தை அளக்கக் கையே போதும். கையை முழுதாக நீட்டிப் பிடித்தால் மூடிய முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை, சுண்டுவிரலின் அகலம் 1 பாகை. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் டிசம்பரில் சூரியன் உதிக்கும் தென்கோடிக்கும் ஜூனில் உதிக்கும் வடகோடிக்கும் இடையே சுமார் 48 பாகை. ஐந்து முஷ்டிக்குச் சற்றுக் குறைவு. வருடம் முழுக்க அந்த ஐந்து முஷ்டிக்குள்தான் சூரியன் போய்ப் போய்த் திரும்புகிறது. ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. மார்ச், செப்டம்பர் மாதங்களில் ஒரு நாளுக்குள் தன் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, சுமார் 0.4 பாகை தள்ளிப்போகும். இன்றைக்குத் தென்னைக்கு இடப்பக்கம் உதித்தால் ஒரு வாரத்தில் மூன்று விரல் தள்ளி உதிக்கும். டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாள்களிலோ, 10 நாள் முன்னாலும் 10 நாள் பின்னாலும் தன் அகலத்தளவுகூட நகராது. நின்றுவிட்டதுபோலவே இருக்கும்.

அப்படியானால் திரும்பும் நாளைப் பழங்காலத்தவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அந்த ஒரு நாளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் முடியாது. சூரியன் தெற்கே போகும்போது ஒரு குறிப்பிட்ட கல்லுக்கு நேரே உதித்த நாளையும், திரும்பி வரும்போது அதே கல்லுக்கு நேரே உதித்த நாளையும் எண்ணி, நடுவை எடுத்தால் போதும். நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிவு வரை கீறல் போட்டு நீங்களே செய்து பாருங்கள். வெறும் கண்ணால் ஓரிரு நாள் பிசகுக்குள் விடை வரும்.

பெருவின் காஸ்மா பள்ளத்தாக்கில் இருக்கும் சன்கிய்யோ இந்தப் பயிற்சியின் மிகப் பெரிய வடிவம். ஒரு குன்றின் முதுகில் சுமார் 300 மீட்டர் நீளத்துக்கு 13 கோபுரங்கள், சீப்பின் பற்கள்போல இடைவெளி விட்டு நிற்கின்றன. மேற்கே ஓர் இடத்தில் நின்று பார்த்தால் வருடத்தின் எல்லா உதயங்களும் அந்த வரிசையின் இரண்டு நுனிகளுக்குள் அடங்கிவிடும். கிழக்கே இன்னோர் இடத்தில் நின்றால் அஸ்தமனங்கள் அடங்கிவிடும். கோபுரங்கள் இருப்பது எல்லோருக்கும் நெடுநாளாகத் தெரியும். அது சூரிய நாள்காட்டி என்பதை இவான் கெஸ்ஸியும் கிளைவ் ரகிள்ஸும் 2007-ல்தான் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். 2021-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது சேர்ந்தது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது, எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே அவர்கள் கட்டிவைத்திருப்பது. நீங்கள் மாடியில் போட்ட பெயிண்ட் அடையாளமும் அதே காரியத்துக்குத்தான்.

திசை கண்டுபிடிக்கக் கம்பஸ் வேண்டாம். சமமான தரையில் ஒரு நேரான குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதைச் சுற்றிக் கயிற்றால் ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி சுருங்கிக்கொண்டே வந்து வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் நீண்டுகொண்டே போய் வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்க்கும் கோடு மேற்கு கிழக்கு. குச்சிக்குச் சங்கு என்று பழைய பெயர். நெடுநல்வாடையில் அரண்மனைக்குத் திசை குறிக்கும் இடம் வருகிறது: இரண்டு கோல்களை நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நடுப்பகலில் நூலறிந்தவர்கள் கயிறு பிடிக்கிறார்கள். குச்சியை நட்டுப் பார்த்த பிறகு அந்த வரிகளைப் படித்தால் எழுதியவர் அருகில் நின்று பார்த்திருக்கிறார் என்று புரியும்.

இந்த நோட்டு இன்னொரு விஷயத்தையும் காட்டிக்கொடுக்கும். உத்தராயணம் தை முதல் நாளில் பிறக்கிறது என்கிறோம். உங்கள் கீறல்களோ சூரியன் டிசம்பர் 21, 22-லேயே வடக்கே திரும்பிவிட்டதைச் சொல்லும். இரண்டுமே தப்பில்லை. பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தலை சுற்றுகிறது. சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை. பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து மாதம் கணக்கிடுகிறது. பருவங்களோ சூரியனை மட்டும் பார்க்கின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இந்த இரண்டும் ஒரே நாளில் வந்தன. இப்போது 24 நாள்போல இடைவெளி. இதை யாரோ சொல்லிக் கேட்பதைவிட, சொந்த மாடியில் தண்ணீர் டேங்கின் விளிம்பில் பார்ப்பது எவ்வளவோ மேல்.

இரண்டாம் படி: அந்தப் பாதையிலுள்ள நட்சத்திரங்கள்

பெரும்பாலான சிறுகோள்கள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றுகின்றன. அதனால் அநேகமாக ராசி மண்டலத்தை ஒட்டியே தென்படும். நமக்கு இங்கே ஒரு வசதி உண்டு. அந்தப் பாதையின் முக்கியமான நட்சத்திரங்களின் பெயர்கள் வீட்டிலேயே புழங்குகின்றன. டிசம்பர் முன்னிரவில் கொத்தாகத் தெரிவது கார்த்திகை, அதன் பக்கத்தில் செம்மஞ்சளாக ரோகிணி. ஏப்ரலில் தலைக்கு மேலே மகம். மே, ஜூனில் வெள்ளையாகச் சித்திரை. ஜூலையில் தெற்கே சிவந்து நிற்பது கேட்டை. இந்த ஐந்தையும் பார்த்ததும் பெயர் சொல்லத் தெரிந்தால் போதும். அவற்றுக்கு இடையிலுள்ள வானத்தைப் பைனாகுலரால் மேய்வதற்கு அவைதான் மைல்கற்கள்.

மூன்றாம் படி: முதல் சிறுகோள்

இப்போது பைனாகுலர் வாங்கலாம். மேலே 10×50 என்று போட்டிருப்பதாகப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர் என்று அர்த்தம். 7×50 இருந்தாலும் சரி. இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று விற்பவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கை நடுங்கினால் அவற்றில் எதுவும் தெரியாது.

தேட வேண்டியது வெஸ்டா. 1807-ல் ஓல்பர்ஸ் கண்டுபிடித்தது. விட்டம் சுமார் 525 கிலோமீட்டர். சிறுகோள்களில் நம் கண்ணுக்கு மிகப் பிரகாசமானது அதுதான். நட்சத்திரப் பிரகாசத்தை எண்ணால் சொல்லும் அளவில், எண் கூடக் கூட மங்கல். ஐந்து எண் வித்தியாசம் என்றால் பிரகாசத்தில் 100 மடங்கு வித்தியாசம். இந்தக் கணக்கை 1856-ல் முன்வைத்தவரும் அதே போக்சன்தான். வெஸ்டா தன் நல்ல நாள்களில் 5-க்கும் 6.5-க்கும் இடையே வரும். நல்ல இருட்டான ஊரில் வெறுங்கண்ணுக்கே எட்டக்கூடிய அளவு. சென்னை மாதிரி இடத்தில் பைனாகுலர் இல்லாமல் முடியாது. அதே வட்டாரத்தில் சுற்றும் சீரிஸ் விட்டத்தில் பெரியது, 940 கிலோமீட்டர். ஆனாலும் இருண்ட மேற்பரப்பு, தொலைவும் அதிகம், அதனால் வெஸ்டாவைவிட மங்கல். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல நாள்கள் என்பது வெஸ்டா சூரியனுக்கு நேர் எதிரே வரும் சமயம். ஏறக்குறைய 16, 17 மாதத்துக்கு ஒரு முறை வரும். அப்போது பொழுது சாயும்போது உதித்து நள்ளிரவில் உச்சிக்கு வரும். அந்த வாரங்களில் அது நட்சத்திரங்களுக்கிடையே மேற்கு நோக்கிப் பின்னால் போகும். நம் பெரியவர்கள் கோள்களுக்குச் சொல்லும் வக்கிரம் இதுதான், சிறுகோளுக்கும் உண்டு. ஒரு நாளில் நகரும் தூரம் சுமார் கால் பாகை, அதாவது முழுநிலாவின் அகலத்தில் பாதி. பைனாகுலரில் ஒரே இரவுக்குள் நகர்வு பிடிபடாது. மறுநாள் நன்றாகத் தெரியும்.

எங்கே இருக்கிறது என்று பார்க்க ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் போதும். உங்கள் ஊரைக் குறிப்பிட்டு, வெஸ்டாவின் பெயரைத் தேடினால் காட்டும். சிறுகோள்களின் சுற்றுப்பாதைத் தகவலை அதில் அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பழைய தகவலாக இருந்தால் காட்டும் இடம் தள்ளிப்போகும்.

பார்க்கும் முறை இப்படி. நிலா இல்லாத இரவாகத் தேர்ந்தெடுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது வேண்டும். அதற்குள் ஒரு தடவை போனைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டிக்கொள்ளுங்கள். பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, முழங்கைகளை நெஞ்சின் மேல் ஊன்றிப் பைனாகுலரைப் பிடித்தால் நட்சத்திரங்கள் ஆடாமல் நிற்கும்.

நோட்டில் ஒரு வளையலை வைத்து வட்டம் போடுங்கள். பைனாகுலரில் தெரியும் வட்டம் அதுதான் என்று வைத்துக்கொண்டு, உள்ளே தெரிகிறவற்றில் பிரகாசமான எட்டுப் பத்துப் புள்ளிகளை, கண்ணில் தெரிகிற முக்கோணங்களாகவும் வளைவுகளாகவும் இடம் பார்த்து வையுங்கள். அதிகப் பிரகாசமானதற்குப் பெரிய புள்ளி, மங்கலானதற்குச் சிறியது. தேதி, நேரம் கீழே. அவ்வளவுதான். எது வெஸ்டா என்று அன்றைக்கு முடிவு செய்யாதீர்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு வளையல் வட்டம், அதே இடம், முதல் படத்தைப் பார்க்காமல். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், முதல் முறை நான் வேறு மாதிரி செய்தேன். மென்பொருளில் இடத்தைப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அந்த இடத்தில் இருந்த ஒரு புள்ளியை வெஸ்டா என்று நம்பி மூன்று இரவு குறித்தேன். அது நகரவே இல்லை. அது ஒரு சாதாரண நட்சத்திரம். நான்காம் நாள் பழைய படங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். வட்டத்தின் ஓரத்தில், ஒரு சிறு முக்கோணத்துக்கு வெளியே, கணக்கிலேயே எடுக்காமல் கடமைக்கு வைத்த ஒரு புள்ளி இருந்தது. முதல் படத்தில் வெளியே. இரண்டாவதில் முக்கோணத்தின் விளிம்பில். மூன்றாவதில் உள்ளே. என் பென்சில் அதைப் பிடித்திருந்தது, நான் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து முதலில் வரைவது, பிறகுதான் வரைபடத்தோடு ஒப்பிடுவது.

முதல் சிறுகோளான சீரிஸ் கிடைத்த கதையும் இதே மாதிரிதான். 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலேர்மோவில் ஜுசெப்பே பியாட்ஸி நட்சத்திரங்களின் பட்டியல் ஒன்றுக்காக ஒவ்வொன்றாக இடம் குறித்துக்கொண்டிருந்தார். மறுநாள் சரிபார்த்தபோது ஒரு மங்கலான புள்ளி இடம் மாறியிருந்தது. பிப்ரவரி 11 வரை அதைத் தொடர்ந்து குறித்தார். அப்புறம் அது சூரிய ஒளிக்குள் போய் மறைந்தது. அந்தச் சில வாரக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, 24 வயதான கணித மேதை காஸ் அதன் பாதையைக் கணக்கிட்டார். அவர் சொன்ன இடத்தருகே அந்த ஆண்டின் கடைசி நாளில் சீரிஸ் திரும்பக் கிடைத்தது. பியாட்ஸி நேரத்தையும் இடத்தையும் துல்லியமாக எழுதாமல் விட்டிருந்தால் காஸின் கணக்குக்கு வேலையே இருந்திருக்காது. உங்கள் நோட்டிலும் நேரத்தை நிமிடம் வரை எழுதுங்கள்.

வெஸ்டாவைப் பார்த்த பிறகு ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பூமியில் விழுவதைக் கண்டு எடுத்த விண்கற்களில் 100-க்கு ஏறக்குறைய 6 வெஸ்டாவிலிருந்து பெயர்ந்தவை என்று கருதுகிறார்கள். நாசாவின் டான் விண்கலம் 2011-12-ல் அதைச் சுற்றிவந்தபோது எடுத்த அளவுகளும் அதோடு ஒத்துப்போயின. பாயில் படுத்து நாம் பார்க்கும் அந்தப் புள்ளியின் துண்டுகள் அருங்காட்சியகப் பெட்டிகளில் இருக்கின்றன.

நான்காம் படி: படங்களில் தேடுதல்

வானம் மூடியிருக்கும் மாதங்களுக்கும் வேலை உண்டு. இன்டர்நேஷனல் அஸ்ட்ரோனாமிக்கல் சர்ச் கொலாபரேஷன் என்ற அமைப்பு, சுருக்கமாக ஐஏஎஸ்சி, பள்ளி மாணவர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் உண்மையான வான்படங்களை இலவசமாகத் தருகிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் 2006-ல் தொடங்கியது. ஹவாயின் ஹலேயாகலா மலையிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்கள் இவை. குழுவாகப் பெயர் கொடுக்க வேண்டும். சில வாரங்கள் நடக்கும் ஒவ்வொரு சுற்றிலும் படத்தொகுப்புகள் வரும். ஒரு தொகுப்பில் வானத்தின் ஒரே துண்டைச் சற்று இடைவெளி விட்டு எடுத்த நான்கு படங்கள் இருக்கும். அஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருளில் அவற்றை ஏற்றி, மாறி மாறிச் சிமிட்டவிட்டால் நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும், சிறுகோள் மட்டும் தத்தித் தத்திப் போகும்.

புதியவர்களைப் படுத்துவது பொய்யான புள்ளிகள்தான். ஒன்றைச் சிறுகோள் என்று சொல்வதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். நான்கு படத்திலும் இருக்கிறதா? நேர்கோட்டில் போகிறதா? ஒவ்வொரு தாவலும் படங்களுக்கு இடையிலான நேரத்துக்கு ஏற்ற தூரமா? பிரகாசமும் வடிவமும் நான்கிலும் ஒரே மாதிரியா? கூர்மையாக ஒற்றைப் புள்ளியாக ஒரே படத்தில் மட்டும் பளிச்சிட்டால் அது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் கேமராவின் சில்லில் பட்ட தடம். உண்மையான சிறுகோள் பக்கத்திலுள்ள நட்சத்திரங்களைப்போலவே கொஞ்சம் பூத்த வடிவத்தில், நடுவில் பிரகாசமாக ஓரத்தில் தேய்ந்து இருக்கும். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள். இல்லாத ஒன்றை அனுப்புவதைவிட இருப்பதைத் தவறவிடுவது மேல்.

குழுக்கள் அனுப்பும் அளவுகள் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள மைனர் பிளானட் சென்டருக்குப் போகின்றன. உலகம் முழுவதும் சிறுகோள் கணக்கு வைத்திருப்பது அவர்கள்தான். இதுவரை 14 லட்சத்துக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "மாணவி சிறுகோள் கண்டுபிடித்தார்" என்று செய்தி வரும்போது பெரும்பாலும் அது முதல்கட்டக் கண்டறிதல். பாதை உறுதியாகி வரிசை எண் கிடைக்கப் பல ஆண்டு ஆகும். பெயர் வைக்கும் வாய்ப்பு அதற்குப் பிறகுதான். பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த முதல்கட்டமே பெரிய சந்தோஷம்.

தற்காலிகப் பெயரைப் படிக்கத் தெரிந்துகொள்வதும் நல்லது. 2025 தொடக்கத்தில் எல்லோரையும் கவலைப்படவைத்த 2024 ஒய்ஆர்4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2024 கண்டறிந்த ஆண்டு. மாதத்தை இரண்டாகப் பிரித்து, ஐ என்ற எழுத்தை விட்டுவிட்டு, ஏ-யிலிருந்து ஒய் வரை 24 எழுத்து. ஒய் என்றால் டிசம்பரின் பின்பாதி. அது கண்டறியப்பட்டது டிசம்பர் 27. ஆர்4 என்பது அந்த அரை மாதத்துக்குள் வரிசை. இங்கேயும் ஐ இல்லாமல் எண்ணினால் ஆர் 17-வது எழுத்து, 4 என்றால் 25 எழுத்துகள் நான்கு சுற்று முடிந்துவிட்டது, ஆக 117-வது. 2032 டிசம்பரில் அது பூமியில் மோதும் வாய்ப்பு ஒரு கட்டத்தில் 100-க்கு 3 வரை ஏறி, பிறகு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. ஆபத்து ஏறி இறங்கவில்லை, கல்லின் பாதையும் மாறவில்லை. கூடுதல் இரவுகளில் இடம் குறிக்கக் குறிக்க நம் அறியாமை குறைந்தது, அவ்வளவுதான்.

சிலியிலுள்ள ரூபின் வானாய்வகம் 2025-ல் முதல் படங்களை வெளியிட்டபோது, சுமார் 10 மணி நேரப் படப்பிடிப்பிலேயே 2,104 புதிய சிறுகோள்களைக் காட்டியது. இனி ஆர்வலர்களுக்கு என்ன இடம் என்று தோன்றலாம். இடம் இருக்கிறது. ஒரு சிறுகோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும்போது, நிழல் பூமியில் ஒரு ஒடுங்கிய பட்டையாக ஓடும். அந்தப் பட்டைக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும் நட்சத்திரம் சில நொடி அணைந்து எரியும். பல ஊர்களிலிருந்து சிலர் அந்த நொடிகளை அளந்தால் சிறுகோளின் உருவமே வரைந்துவிடலாம். பெரிய தொலைநோக்கி ஒன்றே ஒன்று இருந்து பயனில்லை, சின்னத் தொலைநோக்கிகள் பல வேண்டும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைத் தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்திலிருந்தும் அளந்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்னாலேயே நட்சத்திரம் கண் சிமிட்டியது. யுரேனஸின் வளையங்கள் உலகுக்குத் தெரியவந்தது அன்றைய மறைப்பால்தான். இந்த வேலைக்குச் சிறு தொலைநோக்கியும் வீடியோ கேமராவும் துல்லியமான நேரக்குறியும் வேண்டும். ஓரிரு வருடப் பழக்கத்துக்குப் பிறகு யோசியுங்கள்.

காவலூருக்கு ஒரு முறை போய்வாருங்கள். ஜவ்வாது மலையில், சந்தனமரங்களுக்கு நடுவில் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து இயங்குகிறது. 1988 பிப்ரவரியில் வானியலாளர் ராஜமோகன் அங்கிருந்த ஷ்மிட் தொலைநோக்கியில் எடுத்த படத்தில் ஒரு சிறுகோளைக் கண்டார். 4130 ராமானுஜன் என்று பெயர் பெற்றது. 1885-ல் போக்சன் வேராவைக் கண்டதிலிருந்து கணக்கிட்டால் நூறாண்டுக்கு மேலான இடைவெளி. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள், மேகம் இருந்தால் வானம் காட்டமாட்டார்கள்.

ஐந்தாம் படி: பழைய கற்களிடம் போகும்போது

கீழ்வானப் பயிற்சி ஒரு வருடமாவது முடிந்த பிறகு இதற்கு வாருங்கள். அதற்கு முன் போனால் எல்லாக் கல்லும் எதையோ காட்டுவதாகத் தோன்றும்.

அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறைக்கு வயது 5,000 ஆண்டுக்கு மேல். அதன் வாசலுக்கு மேலே ஒரு சிறு திறப்பு இருக்கிறது. டிசம்பரில் சூரியன் திரும்பும் நாள்களில் மட்டும் உதயக் கதிர் அதன் வழியே நுழைந்து உள்ளறை வரை போய், சுமார் 17 நிமிடம் தங்கும். அகழாய்வு செய்த ஓகெல்லி 1967 டிசம்பர் 21 அன்று உள்ளே காத்திருந்து இதைக் கண்ணால் பார்த்தார். இது உறுதியான சான்று. வாசலுக்கு மேல் தனியாக ஒரு திறப்பு வைக்க வேறு காரணம் சொல்ல முடியாது. வட்டமாக நிற்கும் 20 கற்களின் கதை வேறு. எந்த இரண்டையும் கோடு போட்டு இணைத்தால் 190 கோடு வரும், ஒவ்வொன்றையும் இரண்டு பக்கம் நீட்டினால் 380 திசை. அவற்றில் சில உதயத்தைக் காட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எனவே ஒரு கல்வட்டத்திலோ நெடுங்கல் வரிசையிலோ ஒரு கோடு சூரியனோடு பொருந்தியதும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பொருந்தாத கோடுகள் எத்தனை என்பதையும் நோட்டில் எழுதுங்கள். அதே வகை இடங்கள் பக்கத்தில் இருந்தால் அவற்றிலும் அதே திசை வருகிறதா என்று பாருங்கள்.

அளக்கும்போது போன் கம்பஸை நம்பாதீர்கள். கவரின் காந்தம், கம்பிவேலி, கல்லிலேயே இருக்கும் இரும்பு எல்லாம் அதைத் திருப்பும். காந்த வடக்கும் உண்மை வடக்கும் வேறு. நம் பக்கம் ஓரிரண்டு பாகை வித்தியாசம். சங்கு நட்டுத் திசை எடுங்கள், இல்லையென்றால் சூரியனே கற்களுக்கு நேரே வரும் நாளில் போய் நில்லுங்கள். தொடுவானத்தில் மலை இருந்தால் அதன் உயரத்தையும் விரலால் அளந்து எழுத வேண்டும், ஏனென்றால் சூரியன் சாய்வாக ஏறுகிறது, மலைக்கு மேல் தலைகாட்டும்போது சற்றுத் தள்ளியிருக்கும். 5,000 ஆண்டுக்கு முந்தைய இடமானால் சூரியன் உதிக்கும் தென்கோடியும் வடகோடியும் இப்போதைவிட அரைப் பாகைக்கு மேல் தள்ளியிருந்தது, அதாவது சூரியனின் ஒரு முழு அகலம். நட்சத்திரங்களோ அந்தக் காலத்தில் எங்கேயோ இருந்தன. அவற்றின் பேரில் வரும் பொருத்தங்களை இன்னும் பலமாகச் சந்தேகியுங்கள்.

கற்களின் மேல் ஏறாதீர்கள், சாக்பீஸில்கூட எழுதாதீர்கள். பெரும்பாலானவை இறந்தவர்களுக்காக நட்டவை. ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். "இந்தக் கல்லுக்கு நேரே பொழுது கிளம்பினா விதைப்போம்" என்பது மாதிரி ஒரு வாக்கியம் மாடு மேய்க்கிற தாத்தா ஒருவரிடம் கிடைக்கலாம். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை, மாடி அநேகமாக வீண். படங்களில் தேடும் வேலையை அப்போது வைத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் வேறொன்று செய்யலாம்: சென்னையில் 24-ம் தேதியை ஒட்டி நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும், நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி வரும். இரண்டுக்கும் நடுவிலுள்ள மாதங்களில் நடுப்பகல் நிழல் தெற்கே விழும், குச்சி இருந்தால் பாருங்கள். இரவு வேலைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். மழை கழுவிய வானம், கொசுவும் சற்றுக் குறைவு. பாயோடு ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள், பனி இறங்கும்.